வெளியே பார்த்த அம்புகள்

இந்த ஹாலுக்குள் நவமணி வந்திருக்கவே கூடாது. தன் பாடத்துப் பரீட்சைக்குத் தானே கண்காணிப்பு பார்க்கக் கூடாதென்பது அவளுக்குத் தெரியாததா, காலையிலேயே தனசிங் சாரிடம் சொல்லத்தான் செய்தாள். ஆனால் இந்த ஹாலுக்கு வர வேண்டிய தமிழ்த்துறை கனியம்மாள் மேடத்தின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், பரீட்சைக்கெல்லாம் தலைமை வகிக்கிற தனசிங் சாருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பாதி ஹால் எம்.ஏ. வரலாறு, மீதிதான் உங்க பிள்ளைங்க, வாயைத் திறக்காம நில்லுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது என்று வினாத்தாள் கட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். வாயைத் திறக்காமல் நிற்பது என்ன பெரிய வேலை, பத்து வருஷமாகத் துறைக் கூட்டத்தில் அதைத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அவளும் வந்தாள். ஒரு பெஞ்சுக்கு ஒரு வரலாறு, ஒரு இயற்பியல். வரலாற்றுப் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே மழை மாதிரி எழுதினார்கள், அடிஷனல் ஷீட் கேட்டுக் கையைத் தூக்கினார்கள். இயற்பியல் பிள்ளைகள் பேனாவைக் கடித்தார்கள். மேலே ஒரு மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது, காற்றைத் தவிர எல்லாம் அதிலிருந்து வந்தது. கோவில்பட்டி வெயில் கரிசல் மண்ணில் விழுந்து ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்றது, போன வாரமே மாற்றியிருக்க வேண்டும், எதைத்தான் நேரத்துக்கு மாற்றுகிறோம், என்று அவள் வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்தாள். வினாத்தாளைப் பார்த்ததில் மனசுக்குள் கொஞ்சம் குஷிகூட இருந்தது. பெரிய கேள்வி, அவள் நடத்தியதுதான் வந்திருந்தது.

குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் மோதி அழிந்து இரண்டு குளுவான்களாகின்றன, படங்களை வரைக, சிதறல் வீச்சை எழுதுக, சோதித்துக் காட்டுக. சோதனை என்றால், ஒரு குளுவானுக்கு அதன் உந்தத்தையே வைத்துச் சுருக்கும்போது மொத்தமும் பூஜ்யமாக வேண்டும். படம் மூன்று. குவார்க்குக்கு நேர்கோடு, குளுவானுக்குச் சுருள்கம்பி. ஒவ்வொரு கோட்டுக்கும் கோடுகள் கூடுகிற ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு விதி உண்டு. படத்தைப் பார்த்து விதிகளை வரிசையாக எழுதிப் பெருக்கிக்கொண்டே போனால், இந்த மோதல் எந்த அளவுக்கு நடக்கும் என்று சொல்கிற வீச்சு வந்துவிடும். அவளுக்கு இதில் உள்ள பிடித்தமே அதுதான். கண்ணுக்கே தெரியாத சங்கதி, கருவியிலும் தனியாகப் பிடிபடாத சங்கதி, அதைச் சுருள்கம்பியும் கோடுமாக வரைந்து கணக்காக்கிவிடலாம். நவமணி முனைவர் பட்டம் வாங்கியது என்னவோ உப்புக் கரைசலில் படிகம் வளர்த்து. இந்தப் பேப்பரை எடுக்க யாரும் முன்வரவில்லை, துறைத்தலைவர் நீங்கதான் வயசில சின்னவங்க, எடுத்துக்கங்க என்றார், மறுபேச்சு பேசத் தெரியாமல் எடுத்துக்கொண்டாள். முதல் வருஷம் தானே படித்து, தானே அழுது, பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு எப்படியோ அந்தச் சுருள்கம்பிகள் மேல் ஆசை வந்துவிட்டது. இட்லி வேகிற நேரத்தில் பழைய காலண்டர் தாளில் வரைவாள். எந்தப் பிள்ளையாவது எழுந்து, மேடம் இது உங்க சப்ஜெக்ட்டே இல்லையாமே என்று கேட்டுவிடும் என்கிற பயம் மட்டும் போகவே இல்லை. எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் அது கொஞ்ச நேரம் கழித்து. அப்போது அவள் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தாள், மூன்றாவது வரிசையில் மகராசியின் தாளை எட்டிப் பார்த்து, அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னாள்.

மூன்றாவது படம். இரண்டு குளுவான்களும் இடையில் பிறந்து மறைகிற ஒரு குளுவானும் ஒரே முடிச்சில் கூடுகிற படம். அந்த முடிச்சின் விதி, மூன்று உந்தங்களும் முடிச்சைப் பார்த்து உள்ளே வருவதாக வைத்து எழுதப்பட்டது. வெளியே போகிற குளுவான் என்றால் அதன் உந்தத்துக்கு மைனஸ் போட்டுத்தான் விதிக்குள் வைக்க வேண்டும். மகராசி உந்தத்தின் திசையைக் காட்டுகிற இரண்டு அம்புகளையும் வெளியே பார்க்கப் போட்டு, மைனஸைப் போடாமல், விதியை அப்படியே இறக்கிவைத்திருந்தாள். எத்தனை தடவை சொன்னேன் என்று பல்லைக் கடித்தபடி நவமணி அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அங்கேயும் அம்பு வெளியே. மைனஸ் இல்லை. அடுத்த பெஞ்சில் ஆரோக்கியசெல்வி, அவள் யாரையும் பார்த்து எழுதுகிற பிள்ளை இல்லை, அவளுக்கும் வெளியே. எல்லோரும் காப்பியடிக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தாள், நடுவில் ஒரு வரலாற்றுப் பிள்ளை மலை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது எங்கே காப்பியடிக்க, அதுவும் அம்பின் தலை ஒரே மாதிரி கொஞ்சம் சாய்ந்து, வால் பக்கம் ஒரு சின்னக் கொக்கியோடு. அந்தக் கொக்கி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சாக்பீஸை எடுக்கும்போது அவள் கை போடுகிற கொக்கி அது. எத்தனை தடவை சொன்னேன் என்றால், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கால் அப்படியே நின்றுவிட்டது, செருப்பின் கீச்சும் நின்றது. நின்றது கேட்டு நாலைந்து பிள்ளைகள் தலை தூக்கிப் பார்த்தார்கள், அவள் அவசரமாக மறுபடி நடந்தாள்.

என்ன ஆச்சு, இதை நடத்திய அன்றைக்கு. நினைவைப் போட்டுக் குடைந்தாள். உடம்பு சரியில்லையா, இல்லை, நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சண்டையா, அதுவும் இல்லை. அட்டெண்டர் சுற்றறிக்கை கொண்டுவந்து நடுவில் கெடுத்தாரா, அது வேறு வகுப்பு. கரண்ட் போனதா. போகவில்லையே. ஒரு சாக்கு, ஒரே ஒரு சாக்கு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு இந்த ஹாலின் மறுகோடி வரை நடந்துவிடலாம் போல இருந்தது, கிடைக்கவில்லை. சாதாரண நாள். புளியோதரை கொண்டுபோன நாள். இடதுபக்கம் குவார்க்குகள், வலதுபக்கம் குளுவான்கள், கை தன்பாட்டுக்கு இடமிருந்து வலமாக ஓடியது, போகிறவை போகிற திசையில் அம்பைப் போட்டது, பார்க்க லட்சணமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு விதியை எழுதினாள், மணியடிக்கப் போகிறதென்று பார்த்தாள், இதைச் சுருக்கினால் பூஜ்யம் வந்துரும், வீட்ல போட்டுப் பாருங்க என்றாள். வீட்ல போட்டுப் பாருங்க! அவள் வீட்டில் போட்டுப் பார்த்தாளா. புத்தகத்திலாவது பார்த்திருக்கலாம், பிள்ளைகளாவது பார்த்திருப்பார்கள். நூலகத்தில் இருக்கிறது ஒரே பிரதி, அது இரண்டு வருஷமாக நவமணி பெயரில், அவள் மேஜை அலமாரியில், டிபன் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. முகம் சுட்டது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டாள். சரி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போச்சே, பன்னிரண்டு பிள்ளைக்கும் போச்சே என்று நினைத்தவள் மகராசியின் பெஞ்சுக்கு மறுபடி வந்தபோது, மகராசி அந்தக் கேள்வியை முடித்து அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். கடைசி வரி: சுருக்கினால், பூஜ்யம். அடியில் இரட்டைக் கோடு. ஆரோக்கியசெல்வியும் சுருக்கினால் பூஜ்யம். அவர்கள் யாரும் எதையும் சுருக்கவில்லை, அவள் போர்டில் எழுதியதை மனப்பாடமாக இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். திருத்துகிறவர் மூட்டை மூட்டையாகத் தாளை வைத்துக்கொண்டு அம்பையா பார்க்கப்போகிறார், மூன்று படம், நீளமாக ஒரு வீச்சு, கடைசியில் பூஜ்யம், சிவப்பு மையில் ஒரு டிக். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது அவளுக்கு. அந்த மூச்சை நினைத்து உடனே வெட்கமும் வந்தது. அப்புறம்தான், கடைசி வரிசை ஜன்னலோரம், செண்பகவல்லி ஞாபகத்துக்கு வந்தாள்.

செண்பகவல்லி சுருக்கிப் பார்க்கிற பிள்ளை. அதுதான் அவளிடம் உள்ள நல்லது, அதுதான் இப்போது வினை. வகுப்பில் யாரும் போர்டுக்கு வர மாட்டார்கள், இவள் வருவாள். ஒரு வரி எழுதுவாள், திரும்பி நவமணி முகத்தைப் பார்ப்பாள், நவமணி தலையை ஆட்டுவாள், உடனே அடுத்த வரி. ஆட்டாவிட்டால் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். மேடம் தலைய ஆட்டலேன்னா செண்பகம் சோறுகூடத் திங்க மாட்டா என்று மற்றதுகள் கேலி செய்யும், நவமணிக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். சொந்தமாக நில்லுடீ, என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு என்று ஒரு நாளாவது திட்டியிருக்கலாம். செண்பகத்தின் அப்பா கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் நேர்முகம் முடித்து மகளை எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்று, ஒரு பொட்டலத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றவர், உள்ளே வாங்க என்றும் வரவில்லை, எல்லாம் நீங்க போட்ட பாதைதாம்மா என்றார். அந்த நிறுவனம் போட்டது ஒரே ஒரு நிபந்தனை, இந்தப் பேப்பரில் எழுபத்தைந்துக்குக் குறையக் கூடாது. மற்றபடி எல்லாம் முடிந்த மாதிரிதான். இந்தப் பேப்பரா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குவா என்று நவமணிதான் சொன்னாள், வாய் நிறைய மிட்டாயோடு. இப்போது பக்கத்தில் போகப் பயந்து, இரண்டு வரிசை தள்ளியே நின்று பார்த்தாள். செண்பகவல்லி எழுதுகிறாள், நிறுத்துகிறாள், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறாள், ஒவ்வொரு வரியாகப் பேனா நுனியால் தொட்டுக்கொண்டே வருகிறாள். பூஜ்யம் வரவில்லை. எப்படி வரும். முதல் இரண்டு படமும் ஒன்றையொன்று முழுசாகத் தீர்க்காது, ஒரு மிச்சம் நிற்கும், மூன்றாவது படம் வந்துதான் அதைத் தீர்க்க வேண்டும். மைனஸ் இல்லாத மூன்றாவது படத்தில் தீர்க்க வேண்டிய ஆளே பிறக்காது. அவள் தேடுகிற தப்பு அவள் எழுதிய எந்த வரியிலும் இல்லை, போர்டில் இருந்தது, போர்டை அன்றைக்கே அழித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பெரிய கேள்வி எழுதாமல் கிடக்கிறது. விட்டுட்டுப் போடீ, சுருக்கினா பூஜ்யம்னு எழுதிட்டுப் போயேன் என்று நவமணி மனசுக்குள் கெஞ்சினாள். கெஞ்சிவிட்டுத் திடுக்கிட்டாள், எந்த டீச்சர் இப்படிக் கெஞ்சுவாள்.

ஒரு வார்த்தை போதும். அம்பு. அதுகூட வேண்டாம், நடந்து போகிறபோது விரலால் அந்தச் சுருள்கம்பியைத் தொட்டால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேதியியல் துறை ஜூனியர் லெக்சரர் ஒருத்தி இப்படித்தான் பாவம் பார்த்து ஒரு பிள்ளையின் தாளில் விரலை வைத்தாள், பக்கத்துப் பெஞ்சுக்காரி பார்த்துச் சொல்லிவிட்டாள். ஜூனியருக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குத் தாள் ரத்து, ஒரு வருஷம் போச்சு. விரலை வைத்தவளைவிட வைக்கப்பட்டவளுக்குத்தான் அடி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வரலாற்றுப் பிள்ளை எப்படிப்பட்டவளோ, நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள். தனசிங் சாரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா. என்னவென்று சொல்வது. வினாத்தாளில் பிழை என்றால் சொல்வதற்கு வழி இருக்கிறது, ஹால் ஹாலாக வந்து திருத்தம் வாசிப்பார்கள். வினாத்தாள் சரியாகத்தான் இருக்கிறது. நடத்தியது தப்பு என்று வந்து நிற்கிறவளுக்கு எந்த விதியிலும் இடம் கிடையாது. ஐயோ, நீங்க அந்த சப்ஜெக்ட்டா, சொல்லவே இல்லையே மேடம் என்பார் அவர், சொன்னதை மறந்திருப்பார். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் திருத்துகிறவருக்குச் சொல்லச் சொல்லலாம். யார் திருத்துகிறார் என்பதே யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அவர் என்ன செய்வார், எழுதாத கேள்விக்கு எங்கே மார்க் போடுவார். ஒருநாள் இந்தப் பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றதே, மேடம் ஒரு டவுட்டு என்று. அது அந்தப் பாடத்துக்கு மறுநாள்தானா. நவமணி இன்டர்னல் மார்க் ஏற்றிக்கொண்டிருந்தாள், அப்புறம் வாம்மா என்றாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் அவள் வரவில்லை, நாமும் கேட்கவில்லை. இதற்காக வந்தவளாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதற்கு வருவாள். வேறு எதற்காவது வந்திருக்கலாம், ஹால் டிக்கெட், போட்டோ, எத்தனை இருக்கிறது. இல்லை, இதற்குத்தான். நடந்து நடந்து, தன்னை அறியாமல் கடைசி வரிசைக்கு வந்து, செண்பகவல்லியின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

செண்பகவல்லி தன் தாளின் ஓரத்தில், ரஃப் என்று போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னப் படம் வரைந்துகொண்டிருந்தாள். சுருள்கம்பி, முடிச்சு, இரண்டு அம்பு. அம்புகள் உள்ளே பார்த்தன. உந்தங்களுக்குப் பக்கத்தில், சந்தேகத்தோடு, மெல்லிசாக, மைனஸ், மைனஸ். ஏட்டி, ஏட்டி, அதுதான், போ, என்று உள்ளே ஒரு குரல் கத்தியது, வாய் இறுக மூடியிருந்தது. பேனா நாலு வரி ஓடியது. ஒரு உறுப்பு தானாகச் செத்தது, இன்னொன்று போய் முதல் இரண்டு படத்தின் மிச்சத்துக்கு எதிரே நின்றது. அடித்தாள். அடித்தாள். பூஜ்யம் வந்துவிட்டது, தலையை ஆட்டாமல், அசைக்காமல், யாரும் சொல்லாமல் வந்துவிட்டது. நவமணிக்குக் கண் நிறைந்து ஹால் மங்கியது, இந்தப் பிள்ளைக்கு நான் எதையும் கெடுத்துவிடவில்லை, அது தன்னால் வந்துவிட்டது, இனி அதைப் பெரிய தாளில் எடுத்து எழுத வேண்டியதுதான். செண்பகவல்லி எழுதவில்லை. அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போர்டுக்கு முன்னால் நிற்கிறபோது திரும்புவதைப் போலவே, கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து நவமணியின் முகத்தைப் பார்த்தாள். கேட்கிற பார்வைகூட இல்லை, பழக்கம். வரலாற்றுப் பிள்ளையும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வராந்தாவில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது, பறக்கும் படையோ தனசிங் சாரோ. தாடையை ஒரு நூல் அளவு இறக்கினால் போதும். யாரும் அதைக் குற்றம் என்று நிரூபிக்க முடியாது, கழுத்து வலி என்று சொல்லலாம். இறக்கப் பார்த்தாள், கழுத்து கட்டை மாதிரி நின்றது. தாளில் விரல் பட்ட அந்தப் பிள்ளை, ரத்து, ஒரு வருஷம், வாயைத் திறக்காம நில்லுங்க மேடம், இது உங்க சப்ஜெக்ட்டே இல்லையாமே, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டி வெயிலில் நின்றது. வராந்தாவில் போனவர் தண்ணீர்ப் பானை கொண்டுபோகிறவர். திரும்பிப் பார்த்தபோது செண்பகவல்லி ஸ்கேலை எடுத்து வைத்து, ஓரத்தில் போட்ட படத்தையும் நாலு வரியையும் பூஜ்யத்தையும், மூலைக்கு மூலை நேராக, சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நவமணி எங்கே நடந்தாள், யாருக்குத் தாள் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடிஷனல் ஷீட்டைக் கட்ட நூல் கேட்டார்கள், நூல் கொடுத்தாள். எச்சரிக்கை மணி அடித்தது. அடித்ததைத் திருத்துகிறவர் பார்க்க மாட்டார், அடித்தது அடித்ததுதான், அதற்கு மார்க் கிடையாது. இன்னும் நேரம் இருக்கிறது, மறுபடி பார்ப்பாள், மறுபடி எடுத்து எழுதுவாள் என்று ஜன்னலோரத்தைப் பார்க்காமலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு, வெளியே பார்த்த அம்புகளோடு, மறுபடியும் ஆரம்பித்திருந்தாள். படிகம் வளர்க்கிறபோது இப்படித்தான் நாள்கணக்காகக் கண்ணாடிப் பாத்திரத்தை வெறித்துக்கொண்டு நவமணி நின்றிருக்கிறாள், ஒன்றும் செய்ய முடியாது, தொட்டால் கெட்டுப்போகும், பார்க்கத்தான் முடியும். அதில் கெட்டால் உப்புதான். கடைசி மணி அடித்தபோது அவள் கை தன்பாட்டுக்குத் தாள்களை வாங்க ஆரம்பித்தது, மகராசி, ஆரோக்கியசெல்வி, நடுவில் நடுவில் வரலாறு. பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திக்கொண்டு, ஈசியாத்தான் இருந்துச்சு மேடம் என்று சிரித்துக்கொண்டு போனார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது ஹாலில் வேறு யாரும் இல்லை.

செண்பகவல்லி எழுந்து நின்று இரண்டு கையாலும் தாளைக் கொடுத்தாள். மீதிப் பெரிய கேள்வி இரண்டும் தொடவே இல்லை, கனத்திலேயே தெரிந்தது. அழவில்லை, உதடு மட்டும் வறண்டு வெளுத்திருந்தது. மன்னிச்சிருங்க மேடம் என்றாள். நீங்க போட்ட மாதிரியேதான் போட்டதாகவும், நடுவில் தான்தான் எங்கேயோ ஒரு குறியை விட்டுவிட்டதாகவும், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். பெங்களூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி, ஸ்கேலைப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு தடவை உள்ள பாத்துப் போட்டேன் மேடம். பூஜ்யம் வந்துச்சு. ஆனா நீங்க வெளிய பாத்துதான போட்டீங்க, அதான் அடிச்சிட்டேன்."

இனிமேல் பேசலாம். மணி அடித்தாகிவிட்டது, தாள் கைக்கு வந்தாகிவிட்டது, இப்போது பேசினால் யாரும் எதையும் ரத்து செய்ய முடியாது. இவ்வளவு நேரமும் வராத குரல் வந்தது.

"நீ அடிச்சதுதான் சரி செண்பகம். நான் போட்டதுதான் தப்பு."

செண்பகத்துக்கு உடனே புரியவில்லை. நவமணியின் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள், ஓரத்தில் தன் தாள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், பிறகு நவமணி முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அவள் குரலில், கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் கேட்பாளே, அந்த மாதிரிதான் கேட்டாள்.

"நான் அடிக்கும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க மேடம்?"

நவமணி தலையை ஆட்டினாள்.